பத்து வருஷம் பொறுத்தால்தான் பதம்... பரோலோ மலைக்கிராமங்களின் ஒயின் கதை!

அக்டோபர் மாத விடியற்காலை. இத்தாலியின் வடமேற்கு மூலையில், லா மோர்ரா என்ற ஊரின் உச்சியில் இருக்கும் திறந்தவெளி முற்றத்தில் நின்று கீழே பார்த்தால், ஒன்றும் தெரியாது. வெறும் பனிமூட்டம்தான். பால் பொங்கிப் பாத்திரத்தின் விளிம்புவரை வந்து நின்றதுபோல, பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக நிரம்பியிருக்கும்.

எட்டு மணி, ஒன்பது மணி ஆக ஆக ஒவ்வொரு குன்றாகத் தலை நீட்டும். ஒவ்வொரு குன்றின் தலையிலும் ஒரு பழைய கோட்டை, ஒரு தேவாலய மணிக்கூண்டு, நாலைந்து ஓட்டு வீடுகள். சரிவு முழுக்க, எண்ணெய் தடவி வாரிவிட்ட தலைமுடிபோலத் திராட்சைக் கொடி வரிசைகள்.

இத்தாலிய மொழியில் பனிமூட்டத்துக்கு 'நெபியா' என்று பெயர். இங்கே விளையும் கறுப்புத் திராட்சையின் பெயர் 'நெபியோலோ'. பனிமூட்டம் இறங்கும் பருவத்தில் பழுப்பதால் அந்தப் பெயர் என்பார்கள் ஊர்க்காரர்கள். இல்லை, பழத்தின் மேல் திருநீறு பூசியதுபோலப் படியும் வெண்மையைப் பார்த்து வைத்த பெயர் என்று வாதாடுபவர்களும் உண்டு. எது உண்மையோ, இந்தத் திராட்சையிலிருந்து வரும் சிவப்பு ஒயினுக்கு உலகம் முழுக்க ஒரே பெயர்தான். பரோலோ.

'ஒயின்களின் ராஜா' என்று விளம்பரப் பலகைகள் சொல்லும் பரோலோவுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. அதில் பசி இருக்கிறது, பெண் கிடைக்காத மாப்பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு மரப்பீப்பாய்க்காக மகனைச் சொத்திலிருந்து விலக்கிய அப்பா இருக்கிறார்.

அடம்பிடிக்கும் பயிர்

லாங்கே என்பது இந்தக் குன்றுப் பகுதியின் பெயர். டுரின் நகரத்துக்குத் தெற்கே, ஆல்பா என்ற சின்ன நகரத்தைச் சுற்றி இருக்கிறது. அதில் 11 ஊராட்சிகளில் விளையும் நெபியோலோவுக்கு மட்டும்தான் பரோலோ என்று பெயர் வைக்கும் உரிமை. பரோலோ என்ற கிராமத்தில் இருப்பதோ சுமார் 700 பேர். ஒரு தெருவில் நடக்கத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் ஊர் முடிந்துவிடும். 2014-ல் இந்தத் திராட்சை நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நெபியோலோ ஒரு அடங்காப்பிடாரி. வசந்தத்தில் எல்லாக் கொடிகளுக்கும் முன்னால் துளிர்விடும். ஏப்ரல் உறைபனியில் அந்தத் துளிர் கருகலாம். பழுப்பதோ எல்லாருக்கும் கடைசியில். அதற்குள் கோடையில் ஆலங்கட்டி மழை அடிக்கலாம், இலையுதிர்காலத்தில் அடைமழை பிடிக்கலாம். எந்தச் சரிவில் வைத்தாலும் வராது. தெற்கு பார்த்த, நாள் முழுக்க வெயில் விழும் சரிவுதான் வேண்டும். அந்தக் காலத்து விவசாயிகள் மண் பரிசோதனையா செய்தார்கள்? குளிர்காலம் முடியும்போது எந்த இடத்தில் பனி முதலில் உருகுகிறது என்று பார்த்துவைத்துக்கொள்வார்கள். அங்கேதான் நெபியோலோ. அப்படிப்பட்ட வெயில் முகத்துக்கு 'சொரி' என்று உள்ளூர் வழக்கில் ஒரு பெயரே உண்டு.

மண்ணும் ஊருக்கு ஊர் மாறும். மேற்கே லா மோர்ரா, பரோலோ பக்கம் நீலச்சாம்பல் நிறக் களிமண் கலந்த சுண்ணாம்பு மண். அங்கே வரும் ஒயின் கொஞ்சம் மென்மை, சீக்கிரம் இளகிவிடும். கிழக்கே செர்ரலுங்கா, தெற்கே மொன்ஃபோர்த்தே பக்கம் மணற்பாறை கலந்த மண், வயதிலும் மூத்தது. அங்கே வரும் ஒயின் முரடு. பத்து, பதினைந்து வருஷம் ஆகாமல் முகம்கொடுத்துப் பேசாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பள்ளத்தாக்கு மட்டும்தான்!

துவர்ப்பு என்ற விஷயம்

நெபியோலோ ஒயினைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். பெரிய பெயர் வாங்கிய சிவப்பு ஒயின் என்றால் அடர்ந்த கறுஞ்சிவப்பை எதிர்பார்ப்போம். இதுவோ தளத்தளவென்று, அடியில் விரலை வைத்தால் தெரியும் அளவுக்கு வெளிறிய மாதுளை நிறம். ஆளைப் பார்த்து எடை போடக்கூடாது என்பதற்கு நல்ல உதாரணம். வாயில் வைத்ததும் ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் இழுத்துப்பிடிக்கும். பாக்கை வெறுமனே மென்றால், வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால், நாவல்பழம் நிறையத் தின்றால் எப்படி இருக்குமோ, அந்தத் துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற பொருள்தான் காரணம். அது எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாய் வழுவழுப்பை இழந்து வறண்டுபோகிறது. நெபியோலோவில் டானினும் அதிகம், புளிப்பும் அதிகம்.

அதனால்தான் காத்திருப்பு.

சட்டமே காத்திருக்கச் சொல்கிறது. அறுவடை செய்த ஆண்டின் நவம்பர் 1-லிருந்து 38 மாதங்கள் ஆகாமல் பரோலோவை விற்க முடியாது. அதில் குறைந்தது 18 மாதங்கள் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். 'ரிசர்வா' என்று லேபிளில் போட வேண்டுமானால் 62 மாதங்கள். அதாவது 2021 அக்டோபரில் பறித்த திராட்சை, பாட்டிலாகக் கடைக்கு வந்தது 2025 ஜனவரியில். அப்போதும் அது குழந்தைதான். நல்ல ஆண்டின் பரோலோ என்றால் பத்து வருஷத்துக்கு மேல் கிடந்தால்தான் பதம் வரும் என்பது ஊர்க் கணக்கு. முப்பது, நாற்பது வருஷம் தாங்குபவையும் உண்டு.

அத்தனை வருஷம் இருட்டறையில் படுத்திருக்கும் பாட்டிலுக்குள் என்னதான் நடக்கிறது?

நம் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய புளியை நினைத்துப் பாருங்கள். புதுப் புளி சிவந்து, சுரீரென்று இருக்கும். வருஷமானது கறுத்து, புளிப்பு ஆழமாக இறங்கியிருக்கும். உப்பில் ஊறி வருஷக்கணக்காகக் கிடந்த நார்த்தங்காயும் அப்படித்தான். கசப்பு போய்விடவில்லை. ஆனால், அது வேறு எதனுடனோ சேர்ந்து வேறொன்றாகிவிட்டது. ஒயினிலும் ஏறக்குறைய இதே கதைதான், ரசாயனம் மட்டும் வேறு. துவர்ப்பைத் தரும் மூலக்கூறுகளும் நிறத்தைத் தரும் மூலக்கூறுகளும் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலிகளாகின்றன. சங்கிலி ரொம்பக் கனமானால் திரவத்தில் மிதக்க முடியாமல் அடியில் வண்டலாகத் தங்கிவிடும். மேலே இருப்பது துவர்ப்பு தணிந்து, நிறம் வெளுத்துத் தெளிகிறது. மாதுளை நிறம் செங்கல் நிறமாகிறது, பிறகு கோப்பையின் ஓரத்தில் ஆரஞ்சு ஒளி எட்டிப்பார்க்கிறது.

வாசனையும் மாறும். இளம் பரோலோவுக்கு ரோஜா, செர்ரிப் பழம், கூடவே தார். ஆம், ரோடு போடும் தார்தான்! 'தாரும் ரோஜாவும்' என்பது நெபியோலோவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சொல்லும் சொல். வயது ஏற ஏறப் பழ வாசனை பின்வாங்கும். காய்ந்த ரோஜா இதழ், மழைக்குப் பிந்தைய காட்டுத் தரை, காளான், தோல் செருப்பு, புகையிலை என்று ஒவ்வொன்றாக மேலே வரும். ஆல்பாவின் காடுகளில் நாய்களை வைத்து மோப்பம் பிடித்துத் தோண்டியெடுக்கும் வெள்ளை ட்ரஃபிள் பூஞ்சையின் வாசம்கூட வரும் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு.

கார்க்கைத் தாண்டி மிக நுண்ணிய அளவில் காற்று உள்ளே போகும். அது அளவோடு இருந்தால் முதிர்ச்சி, அதிகமானால் காடி. அதனால்தான் பாட்டிலைப் படுக்கவைக்கிறார்கள். கார்க் ஈரமாக இருந்தால்தான் இறுக்கமாக இருக்கும். வெளிச்சம் கூடாது, 12 முதல் 14 டிகிரி வரை சீரான குளிர்ச்சி வேண்டும். ஐரோப்பாவில் இருக்கும் சொந்தக்காரர் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த பாட்டிலை, சென்னையிலோ மதுரையிலோ ஷோகேஸில் நிற்கவைத்து 'பழசானால் மதிப்பு' என்று காத்திருப்பவர்கள் கவனிக்க... 35 டிகிரி வெயிலில் அது முதிர்வதில்லை, வெந்துபோகிறது. தவிர, உலகத்தில் விற்கும் பெரும்பாலான ஒயின்கள் வாங்கிய ஓரிரு வருஷத்துக்குள் முடிப்பதற்காகவே செய்யப்பட்டவை. டானின், புளிப்பு இரண்டும் கையிருப்பில் இருக்கும் சில ஒயின்களுக்குத்தான் வயதாகும் யோகம். எத்தனை வயதானாலும் அதில் இருக்கும் 14 சதவிகித ஆல்கஹால் ஆல்கஹால்தான். உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சீமாட்டியும் 325 பீப்பாய்களும்

பரோலோ கிராமத்தின் நடுவில் நிற்கும் கோட்டை ஃபல்லெத்தி குடும்பத்துடையது. அந்த வீட்டுக்கு 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருமகளாக வந்தவர் ஜூலியட் கோல்பேர் என்ற பிரெஞ்சுப் பெண். இத்தாலியர்கள் ஜூலியா ஆக்கிவிட்டார்கள். டுரின் சிறைகளில் இருந்த பெண்களின் நிலையைப் பார்த்து மனம் பொறுக்காமல், அவர்களுக்காக வாழ்நாள் முழுக்க உழைத்தவர். குழந்தை இல்லை. 1864-ல் இறந்தபோது சொத்தையெல்லாம் அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டார். இந்தக் கோட்டையின் பாதாள அறையில்தான் இன்றைய பரோலோ உருவம் பெற்றது என்கிறது ஊர் வரலாறு.

அரசர் கார்லோ ஆல்பெர்த்தோ, "உங்கள் ஊர் ஒயினைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், எனக்குக் கண்ணில் காட்டவில்லையே" என்று கேட்டாராம். சில நாள்களில் டுரின் வீதியில் மாட்டு வண்டிகள் வரிசைகட்டி வந்தன. மொத்தம் 325 பீப்பாய்கள். வருஷத்துக்கு நாளொன்றுக்கு ஒரு பீப்பாய், தவக்காலத்தின் 40 நாள்களைக் கழித்துக்கொண்டு! கதை கொஞ்சம் பெருத்திருக்கலாம். ஆனாலும் சொல்லாத வழிகாட்டி இல்லை.

இப்போது அந்தக் கோட்டை ஒயின் அருங்காட்சியகம். பக்கத்திலேயே கார்க் திருகிகளுக்கென்று தனியாக ஒரு மியூசியமும் இருக்கிறது. சில கிலோமீட்டர் தூரத்தில், இத்தாலியை ஒன்றாக்கிய தலைவர்களில் ஒருவரான கவூர் இளம் வயதில் பல ஆண்டுகள் மேயராக இருந்த கிரின்சானே கோட்டை. செர்ரலுங்காவுக்குக் கீழே, அரசர் இரண்டாம் விட்டோரியோ இமானுவேல் தன் காதலி ரோசாவுக்காக வைத்திருந்த ஃபோந்தனஃப்ரெத்தா பண்ணை. ராஜாக்களின் ஒயின் என்ற பேச்சு இப்படி வந்ததுதான்.

பெண் கொடுக்க மறுத்த ஊர்

ராஜாக்கள் குடித்தார்கள் சரி, பயிரிட்டவர்கள்?

இன்று லாங்கேவில் கார் ஓட்டிப் போகிறவர்கள் கண்ணுக்கு வசதி மட்டும்தான் தெரியும். ஆனால், 1950-கள் வரை இது இத்தாலியின் ஏழ்மையான மலைப்பகுதிகளில் ஒன்று. ஆல்பாவில் பிறந்த எழுத்தாளர் பெப்பே ஃபெனோலியோ 1954-ல் வெளியிட்ட 'லா மலோரா' என்ற குறுநாவல் முழுக்க இந்தக் குன்றுகளின் பசிதான். கூலிக்கு விடப்பட்ட பையன், கடன், மண்ணோடு மல்லுக்கட்டும் குடும்பம்.

பெரும்பாலான விவசாயிகளிடம் ஒயின் செய்யும் வசதி இல்லை. திராட்சையைப் பறித்து, வண்டியில் ஏற்றி, ஆல்பா சந்தைக்குக் கொண்டுபோவார்கள். தரகர் வருவார், விலை சொல்வார். படியவில்லை என்றால் போய்விடுவார். வெயில் ஏற ஏறப் பழம் கசியத் தொடங்கும். தரகருக்கு அவசரம் இல்லை, விவசாயிக்குத்தான். தக்காளிக் கூடையோடு மண்டியில் நின்ற எவருக்கும் மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

டுரினில் ஃபியட் கார் தொழிற்சாலை கூப்பிட்டது. ஆல்பாவில் 1946-ல் தொடங்கிய ஃபெரேரோ மிட்டாய்க் கம்பெனி (ஆமாம், நுட்டெல்லா செய்யும் அதே கம்பெனிதான்) கிராமங்களுக்கே பஸ் அனுப்பி ஆட்களை ஏற்றிக்கொண்டது. மாதச் சம்பளம் வந்ததும் இளம்பெண்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மலையில் விவசாயம் பார்க்கிறவனுக்குக் கழுத்தை நீட்டுவதில்லை.

முப்பது, நாற்பது வயதாகியும் கல்யாணமாகாத ஆண்கள் அம்மாவோடு பண்ணை வீடுகளில் தங்கிப்போனார்கள். உள்ளூர்க் கல்யாணத் தரகர்கள் தெற்கே, நாட்டின் மறுகோடியில் இருக்கும் கலாப்ரியாவுக்கு ரயிலேறினார்கள். போட்டோவைக் காட்டி, இரண்டு வீட்டுக்கும் பேசி முடித்தார்கள். வரதட்சணை கொடுக்க வழியில்லாத தெற்கத்திப் பெண்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். மாமியார் பேசும் பியெமோந்த் வட்டார மொழி புரியாது, உறைபனி பழக்கமில்லை, சாப்பாடு வேறு. நூத்தோ ரெவெல்லி என்ற எழுத்தாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாகப் போய் இந்தப் பெண்களின் வாக்குமூலங்களைச் சேகரித்து 1985-ல் ஒரு புத்தகமாக்கினார். இல்லையென்றால் அவர்கள் பாடு யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். இன்று பெரிய விலைக்குப் போகும் பரோலோக்களின் பின்னால் கலாப்ரியாவிலிருந்து வந்த ஒரு பாட்டியின் கையும் இருக்கக்கூடும்.

ரம்பத்தை எடுத்த மகன்

லா மோர்ராவைச் சேர்ந்த ஏலியோ அல்தாரே 1976-ல் பிரான்ஸின் பர்கண்டிக்குப் போனார். அங்கேயும் சின்னச் சின்ன நிலங்கள்தான், குடும்ப விவசாயம்தான். ஆனால், அவர்கள் வசதியாக இருந்தார்கள். சுத்தமான நிலவறைகள், 225 லிட்டர் பிடிக்கும் புதிய சின்ன ஓக் பீப்பாய்கள். இங்கே அப்பா ஜியோவான்னியிடம் இருந்தவை தலைமுறை தலைமுறையாக வந்த பெரிய பீப்பாய்கள். இந்த வகைப் பீப்பாய் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும். சில பழைய பீப்பாய்களில் அழுக்கும் கெட்ட வாடையும் ஏறியிருந்தன என்பது மகனின் குற்றச்சாட்டு.

சின்னப் பீப்பாய்க்கும் பெரிய பீப்பாய்க்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஒரு டம்ளர் ரசத்தையும் ஓர் அண்டா ரசத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். சின்னதில் பாத்திரத்தின் சுவரைத் தொடும் பங்கு அதிகம். புது ஓக் மரம் வெனிலா, சுட்ட ரொட்டி வாசனைகளை ஒயினுக்குள் இறக்கும். காற்றும் வேகமாகச் சேரும், துவர்ப்பு சீக்கிரம் தணியும். பழைய பெரிய பீப்பாயோ வாசனை எதையும் தராது. மெல்லச் சுவாசிக்க மட்டும் விடும். பழைய முறையில் திராட்சைத் தோலை ஒரு மாதம், சிலர் அதற்கும் மேலே, புளிக்கும் சாற்றிலேயே அமுக்கி வைத்திருப்பார்கள். துவர்ப்பு முழுக்க இறங்கும். புதுக்கூட்டம் அதைச் சில நாள்களில் முடித்தது.

தவிர, கோடையில் பாதிக் குலைகளை வெட்டிக் கீழே போட்டார்கள் இளைஞர்கள். மீதிப் பழம் செறிவாக வரும் என்பதற்காக. பசியைப் பார்த்த தலைமுறைக்கு அது எப்படி இருந்திருக்கும்? விளைந்ததைத் தரையில் கொட்டுவதைப் பார்த்து அப்பாக்கள் கொதித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

1983-ல் ஏலியோ மர ரம்பத்தை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் போனார். அப்பாவின் பெரிய பீப்பாய்களை அறுத்துப் போட்டார். மகனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டிய அப்பா, அவரைச் சொத்திலிருந்து விலக்கினார். 1985-ல் இறந்தும்போனார். சமாதானம் ஆகவே இல்லை. பிறந்து வளர்ந்த பண்ணையை உடன்பிறந்தவர்களிடமிருந்து விலை கொடுத்துத்தான் மீட்டார் ஏலியோ. அவர் வழியில் வந்த இளைஞர்களின் கதை 'பரோலோ பாய்ஸ்' என்ற பெயரில் 2014-ல் ஆவணப்படமாகவும் வந்தது.

அப்பா போன மறுவருஷம், 1986, யாராலும் மறக்க முடியாத ஆண்டு. மார்ச் மாதம் மிலான் பக்கத்தில் மலிவு ஒயின் குடித்தவர்கள் சாகத் தொடங்கினார்கள். ஒயினில் போதை அளவைக் கூட்டிக் காட்ட மெத்தனால் கலந்திருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சிலர் பார்வை இழந்தார்கள். 2024-ல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த அதே மெத்தனால்தான். உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண் நரம்பைத் தாக்கும் விஷம். கலப்படத்தின் ஊற்று பரோலோவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த நார்சோலே என்ற ஊர். பரோலோவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால், வெளிநாட்டுக்காரனுக்கு அது தெரியுமா? இத்தாலிய ஒயின் என்றாலே முகம் சுளித்தார்கள். அது போதாதென்று, மே மாதக் கடைசியில் ஆலங்கட்டி மழை வந்து பரோலோவின் கொடிகளை நொறுக்கிவிட்டுப் போனது.

விசித்திரம் என்னவென்றால், மீட்சியும் அந்த அடியிலிருந்துதான் வந்தது. மலிவாக, நிறைய என்ற வழி இனி உதவாது என்று நாடே உணர்ந்துகொண்டது. கொஞ்சமாக, நல்லதாக, பாட்டிலில் தன் பெயரைப் போட்டு விற்பவனுக்குக் காலம் வந்தது. பக்கத்து ஊரான பிராவைச் சேர்ந்த கார்லோ பெத்ரீனியும் நண்பர்களும் இதே காலத்தில் தொடங்கிய இயக்கம்தான் பிற்பாடு 'ஸ்லோ ஃபுட்' ஆனது. அமெரிக்கர்களுக்குப் புதிய பாணிப் பரோலோ பிடித்துப்போக, தொண்ணூறுகளில் பணம் கொட்டியது.

பழைய முறைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களில் முக்கியமானவர் பரோலோ கிராமத்தின் பர்தோலோ மஸ்கரெல்லோ. இரண்டாம் உலகப் போரில் பாசிசத்துக்கு எதிராக நின்றவர். நாலு சரிவுகளின் பழத்தை ஒன்றாகக் கலந்து ஒரே பரோலோ செய்வதுதான் எங்கள் வழக்கம் என்று கடைசிவரை நின்றார். கால் முடங்கிச் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு, உட்கார்ந்தபடியே லேபிள்களைக் கையால் வரைந்தார். அப்படி வரைந்த ஒன்றில் எழுதியிருந்தது: 'நோ பாரிக், நோ பெர்லுஸ்கோனி'. பாரிக் என்பது அந்தச் சின்ன பிரெஞ்சுப் பீப்பாய். பெர்லுஸ்கோனி யாரென்று உலகத்துக்கே தெரியும். இரண்டையும் ஒரே லேபிளில் மறுத்துவிட்டார்! 2005-ல் அவர் மறைந்தார். மகள் மரியா தெரேசா அதே முறையில் ஒயின் செய்கிறார்.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால், ஊரில் சிரிப்பார்கள். பெரிய பீப்பாய்கள் திரும்ப வந்துவிட்டன. சின்னப் பீப்பாயை ஆகாயத்துக்குத் தூக்கிய பலரே இன்று புது மரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். வெனிலா வாசனை ரோஜாவை மூடுகிறது என்று இப்போது சொல்கிறார்கள். அதே நேரம் கெட்ட வாடை அடிக்கும் பீப்பாயை 'பாரம்பரியம்' என்று வைத்துக்கொள்ளவும் யாரும் தயாராக இல்லை. சுத்தமும் குலை குறைப்பதும் மகன்கள் கொண்டுவந்தவை, பொறுமை அப்பாக்களுடையது. ஜியோவான்னிதான் இதைப் பார்க்க இல்லை.

இன்றைய குன்றுகள்

பேர்பெற்ற சரிவுகளில் ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர், இன்று பத்து லட்சம் யூரோவைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. ஒருகாலத்தில் பெண் கொடுக்க யோசித்த நிலம்! அண்ணன் ஒயின் செய்ய நினைக்கிறான், நகரத்தில் இருக்கும் தங்கை பங்கைப் பிரித்துக் கேட்கிறாள் என்றால் விற்பதைத் தவிர வழியில்லை. வெளிநாட்டுப் பணம் காத்திருக்கிறது. தோட்ட வேலைக்கு மாசிடோனியாவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களைத் தரகர்கள் சுரண்டும் விவகாரங்கள் போலீஸ்வரை போயிருக்கின்றன. தரகர் என்ற சொல் இந்தக் குன்றுகளை விட்டுப் போகவில்லை, அவர் முன்னால் நிற்பவர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

வெயிலும் கூடிவிட்டது. 1972-ல் பழமே சரியாகப் பழுக்காமல், அந்த ஆண்டு ஒயினுக்குப் பரோலோ என்ற பெயரே வேண்டாம் என்று உற்பத்தியாளர்கள் கைவிட்ட கதையைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். இன்றைய கவலை நேர் எதிர். சர்க்கரை மளமளவென்று ஏறுகிறது, ஆல்கஹால் 14, 15 சதவிகிதம் வருகிறது, புளிப்பு இறங்கிவிடுமோ என்று பயம். தாத்தாக்கள் ஒதுக்கிய குளிர்ந்த சரிவுகளைப் பேரன்கள் நோட்டமிடுகிறார்கள்.

போவதென்றால்...

டுரின் விமான நிலையத்திலிருந்து ஆல்பாவுக்கு ரயில், பஸ் உண்டு. கிராமங்களைச் சுற்ற வாடகைக் கார்தான் வசதி. ஓட்டுபவர் ருசி பார்த்துத் துப்பிவிட வேண்டும், அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். அக்டோபர், நவம்பரில் ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் சந்தை நடக்கும். கூட்டமும் வாடகையும் எகிறும். மே மாதம் அமைதி. சின்னக் குடும்ப நிலவறைகளுக்கு முன்கூட்டியே எழுதிவிட்டுப் போவது நல்லது. சும்மா போய்க் கதவைத் தட்டினால், வீட்டுக்காரர் டிராக்டரில் இருப்பார்.

ஒயின் பக்கம் போகாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. முட்டை மஞ்சள் கரு அதிகம் சேர்த்துப் பிசைந்து இழை இழையாக வெட்டிய 'தயரின்' நூடுல்ஸ், ஹேசல்நட் கேக். லா மோர்ராவுக்குக் கீழே பிரூனாத்தே தோட்டத்தில், மழைக்கு ஒதுங்கத் தொழிலாளர்களுக்காக 1914-ல் கட்டிய சின்னஞ்சிறு சேப்பல் ஒன்று. பூசை எதுவும் நடந்ததில்லை. 1999-ல் சால் லெவிட், டேவிட் டிரெம்லெட் என்ற இரு ஓவியர்கள் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக வண்ணம் தீட்டி விட்டுப்போனார்கள். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பக்கத்திலேயே மோன்ஃபல்லெத்தோ குன்றின் உச்சியில் தனியாக நிற்கும் லெபனான் தேவதாரு மரம் கண்ணில் படும். 1856-ல் ஒரு புது மணத் தம்பதி கல்யாண ஞாபகமாக நட்டது. அதன் நிழலில் நின்றால் பரோலோவின் ஊர்களில் பெரும்பாலானவை தெரியும், பனிமூட்டம் விலகியிருந்தால்.